துப்பாக்கி சுடும்போது காதைக் காப்பது எப்படி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ரேஞ்சுக்குப் போகிறவர்களுக்கு

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கமிருந்து துப்பாக்கிப் பயிற்சிக்கு வருகிற நம் ஆட்களை ரேஞ்சில் அடிக்கடி பார்க்கிறேன். சிலர் வீட்டுக் காவலுக்காக உரிமம் எடுக்க வருகிறார்கள், சிலர் போட்டிக்கு, சிலர் குளிர்காலத்தில் வேட்டைக்குப் போகுமுன் ரைஃபிளின் குறியைச் சரிபார்க்க. 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தகுதிச் சான்றிதழ் வாங்கப் பயிற்சி எடுத்துத் தேற வேண்டும். நகரத்தில் இருப்பவர்களில் நிறையப் பேர் தங்கள் முதல் தோட்டாவை நாலு சுவருக்குள் இருக்கும் ரேஞ்சில்தான் சுடுகிறார்கள். துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, விரலை எங்கே வைப்பது, பெட்டகத்தில் எப்படிப் பூட்டி வைப்பது என்று எல்லாம் விளக்கமாகச் சொல்லித் தருவார்கள். காது விஷயத்தில் மட்டும் "மஃபைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பதோடு சரி. மஃப் என்பது தலையில் மாட்டிக் காதை மூடும் கவசம். அதைப் போட்டால் மட்டும் போதாது, அது காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் ஒட்டி உட்கார வேண்டும். நான் பார்க்கிறவர்களில் பலருக்கு அது உட்காருவதே இல்லை, அதை யாரும் சொல்வதும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சத்தம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். இந்த நாட்டில் வேலையிடங்களுக்கான விதிகளில் 85 டெசிபல்தான் வரம்பு. அது எட்டு மணி நேரம் தொடர்ந்து இரைகிற யந்திரத்துக்குப் போட்ட கணக்கு. துப்பாக்கி வெடி வேறு. சில மில்லி விநாடியில் முடிந்துவிடும், ஆனால் அதன் உச்சம் 140 டெசிபலைத் தாண்டினால் ஒரே வெடியில் காது நிரந்தரமாகக் கெடலாம். சின்னத் துப்பாக்கி என்று நாம் நினைக்கிற .22 ரைஃபிளே அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறது. 9 எம்எம் பிஸ்டல் சுமார் 155 முதல் 160 வரை போகும், 12 போர் ஷாட்கன் ஏறக்குறைய அதே அளவு, .308 மாதிரி வேட்டை ரைஃபிள்கள் அதற்கும் மேல். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு கூடுகிறது. அப்படியானால் 140க்கும் 160க்கும் நடுவில் இருப்பது நூறு மடங்கு. "ஒரே ஒரு வெடிதானே, காதுக்கு என்ன ஆகும்" என்று கேட்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உள்காதில் காக்ளியா என்ற சுருண்ட குழாய் இருக்கிறது. அதற்குள் இருக்கும் மயிர்ச் செல்கள்தான் ஒலியை நரம்புக்கு எடுத்துக் கொடுக்கின்றன. ஒரு காதுக்குச் சுமார் 15,000. பிறக்கும்போது இருப்பது அவ்வளவுதான், செத்தது மறுபடி முளைக்காது. வெடிச் சத்தம் முதலில் அடிப்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் செல்களை. அதனால் காது கெட ஆரம்பித்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பேச்சு கேட்கும், ஆனால் ச, ஸ, ஃப் மாதிரி மெல்லிய ஒலிகள் விழாமல் போவதால் புரியாது. கோயில் பஜனையில் மிருதங்கம் நன்றாகக் கேட்கும், ஜால்ரா மங்கிவிடும். பேரன் பேத்தி பேசுவது பிடிபடாது. வீட்டில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள் என்று தாத்தா கோபித்துக்கொள்வார், தப்பு அவர்கள் வாயில் இல்லை. இதோடு காதுக்குள் ஓயாமல் "ஙொய்ய்" என்று ஓடும் ரீங்காரமும் சேர்ந்துகொண்டால் ராத்திரித் தூக்கம் போச்சு. அதை அடியோடு நிறுத்த மாத்திரை கிடையாது.

எதை வாங்குவது?

நுரையால் ஆன இயர் பிளக், தலையில் மாட்டும் இயர் மஃப், இந்த இரண்டும் போதும். பெட்டியில் எஸ்என்ஆர் என்றோ என்ஆர்ஆர் என்றோ ஒரு எண் போட்டிருக்கும். எஸ்என்ஆர் ஐரோப்பியக் கணக்கு, என்ஆர்ஆர் அமெரிக்கக் கணக்கு. நம் கடைகளில் இரண்டு வகையும் தொங்கும். ஒரே பொருளுக்கு எஸ்என்ஆர் எண் பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாக வரும், எனவே ஒன்றின் எஸ்என்ஆரை இன்னொன்றின் என்ஆர்ஆரோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். அந்த எண் ஆய்வுக்கூடத்தில் சரியாக மாட்டி எடுத்தது என்பதையும் மனதில் வையுங்கள். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் என்ஆர்ஆரிலிருந்து ஏழைக் கழித்து மீதியைப் பாதியாக்கிக் கணக்குப் போடும் பழக்கம் உண்டு. அப்படிப் பார்த்தால் 31 என்று போட்டிருப்பது 12 ஆகிவிடும். மனிதர்கள் அதை எப்படி மாட்டுகிறார்கள் என்பது தெரிந்துதான் அவ்வளவு குறைக்கிறார்கள். 33 போட்ட பிளக்கை அரைகுறையாகச் செருகுவதைவிட 25 போட்டதை ஒழுங்காகப் போடுவது எவ்வளவோ மேல்.

பஞ்சு வேண்டாம், அது தடுப்பது ஒன்றுமில்லாத மாதிரிதான். பழைய ஆட்கள் சிலர் காலித் தோட்டாக் கூட்டைக் காதில் வைத்துக்கொள்வார்கள், அதுவும் வேண்டாம். போனில் பாட்டுக் கேட்கும் இயர்பட், அது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், இரைச்சலை அடக்கும் வசதி இருந்தாலும், துப்பாக்கிக்கு ஆகாது.

நுரை பிளக்கைப் போடும் விதம்

இதை மெதுவாகப் படியுங்கள், வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள். ரேஞ்சில் அவசரத்தில் வராது.

தோட்டாவைத் தொடுவதற்கு முன்பே பிளக்கைப் போட்டுவிடுங்கள், அல்லது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போடுங்கள். தோட்டாவிலும் ரேஞ்சுத் தூசியிலும் ஈயம் இருக்கிறது. அந்த விரலால் பிளக்கை உருட்டினால் ஈயம் நேராகக் காதுக்குள் போகும். அப்புறம் பிளக்கை இரண்டு விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். நசுக்கக் கூடாது. நசுக்கினால் மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியே சத்தம் உள்ளே போகும். சுருக்கமே இல்லாமல் ஊதுபத்தி மாதிரி மெல்லிசாக வரும்வரை பொறுமையாக உருட்ட வேண்டும். வலது காதுக்குப் போடும்போது இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காதின் மேல்நுனியைப் பிடித்து மேலேயும் பின்னாலேயும் இழுங்கள். காதுத் துவாரம் வளைந்து இருக்கும், இப்படி இழுத்தால்தான் நேராகும். பலர் விடுகிற படி இதுதான், விட்டால் பிளக் பாதி வழியில் நின்றுவிடும். இழுத்தபடியே பிளக்கை உள்ளே செலுத்தி, விரல் நுனியால் முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். உடனே விட்டால் விரிகிற நுரை தானே வெளியே வந்துவிடும்.

சரியாகப் போயிருக்கிறதா என்று பார்க்க மூன்று வழி. கண்ணாடியில் நேராகப் பாருங்கள். காதுக்கு வெளியே மஞ்சள் குமிழ் துருத்திக்கொண்டு தெரிந்தால் போதாது, பிளக்கின் அடிப்பகுதி துவாரத்தின் வாயோடு நின்றிருக்க வேண்டும். வாயைத் திறந்து பேசிப் பாருங்கள், உங்கள் குரல் தலைக்குள்ளே குடத்தில் பேசுகிற மாதிரி கனமாகக் கேட்டால் நல்லது. கடைசியாக, சத்தமான இடத்தில் நின்று இரண்டு உள்ளங்கையாலும் காதைப் பொத்திப் பாருங்கள். பொத்தியதும் சத்தம் வெகுவாகக் குறைந்தால் பிளக் வழியே சத்தம் ஒழுகுகிறது, எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள். மெதுவாகத் திருகிக் காற்று உள்ளே போகவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் செவிப்பறையில் சுளீர் என்று வலிக்கும். அழுக்கானது, உருட்டினால் பழையபடி விரியாதது எல்லாம் குப்பைக்கு. காதில் குறும்பி நிறைய இருக்கிறவர்கள் முதலில் மருத்துவரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் பிளக் அதை இன்னும் உள்ளே தள்ளிவிடும். காதில் சீழ் வடிகிற சமயத்தில் பிளக் கூடவே கூடாது, ரேஞ்சுக்கு இன்னொரு நாள் போகலாம்.

மஃப் ஏன் ஒழுகுகிறது?

மஃபின் வேலை முழுக்க அதன் வளையத்தில் இருக்கிறது. அந்த மெத்தை வளையம் தோலோடு ஒட்டிக்கொண்டால்தான் பயன். நடுவில் எது வந்தாலும், அது நூல் கனம் இருந்தாலும், சத்தம் அந்த இடுக்கில் புகுந்துவிடும். மூக்குக்கண்ணாடியின் காம்பு முதல் காரணம். சுடும்போது கண்ணுக்கும் கண்ணாடி வேண்டும் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது. தடித்த பிளாஸ்டிக் காம்புக்குப் பதிலாக மெல்லிய, தட்டையான, வளையக்கூடிய காம்புள்ள கண்ணாடியாக வாங்குங்கள். அக்காமார், தங்கச்சிமார் கவனிக்க: ஜிமிக்கி, தொங்கட்டான், பெரிய வளையம் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். சின்னக் கல் தோடுகூட வளையத்துக்கு அடியில் மாட்டினால் மெத்தையைத் தூக்கிவிடும். கூந்தலை வளையத்துக்குள் சிக்கவிடாமல் பின்னால் இழுத்துக் கட்டுங்கள். முக்காடோ ஸ்கார்ஃபோ போட்டிருந்தால் அதன் மேல் மஃப் வைக்காதீர்கள், துணியை விலக்கிக் காதைச் சுற்றித் தோலில் படும்படி வையுங்கள். தாடி அடர்ந்தவர்களுக்கும் இதே சிக்கல், அவர்கள் பிளக்கையே முதன்மையாக நம்ப வேண்டும். தொப்பி போட்டால் அதன் விளிம்பு மெத்தைக்கு அடியில் போகாமல் பாருங்கள்.

ரைஃபிள், ஷாட்கன் சுடுகிறவர்களுக்கு இன்னொன்று. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் பதிக்கும்போது தடித்த மஃபின் கீழ் விளிம்பு அதில் இடித்துத் தூக்கிக்கொள்ளும். சரியாக வெடிக்கும் அந்தக் கணத்தில் காது திறந்து கிடக்கும், சுடுகிறவர் குறியிலேயே இருப்பதால் கவனிக்கவும் மாட்டார். அடியில் சரிவாக வெட்டிய மெல்லிய மஃப் வாங்குங்கள், இல்லையென்றால் பிளக்கையும் சேர்த்துப் போடுங்கள். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் குழல் முனைக்கு நேராக இருக்கும், வலது காதைத் தலை ஓரளவு மறைக்கும். பழைய வேட்டைக்காரர்கள் பலருக்கு இடது காது முதலில் மந்தமாவது இதனால்தான்.

ரேஞ்சில் வாடகைக்கோ இரவலாகவோ தரும் மஃபை நம்பிப் போகாதீர்கள். நான் போன ஓர் இடத்தில் மெத்தை வெடித்து உள்ளிருக்கும் நுரை தெரிகிற மஃபை வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள், தலைப்பட்டை தளர்ந்து காதில் பேருக்குத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. சொந்தமாக ஒன்று வாங்குங்கள். நம் டர்பன் வேர்வைக்கும் புழுக்கத்துக்கும் மெத்தை சீக்கிரம் இறுகிவிடும், அதனால் சுட்டு முடித்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்துப் பைக்குள் போடுங்கள். கார் டாஷ்போர்டில் வெயிலில் கிடக்கவிடாதீர்கள். அழுத்தினால் மெதுவாகத் திரும்பி எழாத மெத்தையை மாற்றிவிட வேண்டும், பல கம்பெனிகள் மெத்தையைத் தனியாகவே விற்கின்றன.

உள்ளரங்கில் இரண்டையும் போடுங்கள்

இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. நாலு சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கும், உங்கள் வெடி மட்டுமில்லை, பக்கத்துத் தடத்தில் நிற்கிறவரின் வெடியும் உங்கள் காதுக்குத்தான் வரும். அடியில் பிளக், மேலே மஃப். இரண்டின் எண்ணையும் கூட்டிவிடாதீர்கள், இரண்டில் எது கூடுதலோ அந்த எண்ணோடு ஐந்து டெசிபல் சேரும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஐந்து சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஒன்று வெடிக்கிற நேரத்தில் நழுவினாலும் இன்னொன்று காதில் இருக்கும், எனக்கு அதுதான் பெரிய காரணம். எவ்வளவுதான் அடைத்தாலும் மண்டை எலும்பு வழியே கொஞ்சம் சத்தம் உள்ளே போகும், அதைத் தடுக்க முடியாது. அதனால் சுடும் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துங்கள், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போங்கள், முனையில் பிரேக் மாட்டிய ரைஃபிளோடு யாராவது பக்கத்துத் தடத்தில் வந்து நின்றால் இடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். அந்த பிரேக் உதையைக் குறைக்கும், ஆனால் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்புவதால் சுடுகிறவருக்கும் பக்கத்தில் நிற்கிறவருக்கும் சத்தம் கூடுதலாகத் தாக்கும்.

இரண்டையும் போட்டால் ரேஞ்ச் அதிகாரி சொல்வது கேட்காதே என்பார்கள். நியாயமான கவலைதான், பாதுகாப்புக்குக் கட்டளை கேட்க வேண்டும். அதற்குத்தான் எலெக்ட்ரானிக் மஃப். வெளியில் மைக் வைத்திருக்கும், பேச்சைப் பெருக்கிக் கொடுக்கும், சத்தம் ஏறக்குறைய 85 டெசிபலை நெருங்கினால் பெருக்குவதை நிறுத்திவிடும். பிளக்குக்கு மேல் இதைப் போட்டு ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் கட்டளையும் கேட்கும், காதும் பிழைக்கும். பேட்டரி தீர்ந்தாலும் சாதாரண மஃபாக வேலை செய்யும், இருந்தாலும் பையில் உதிரி பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். வாங்குமுன் எண்ணைப் பாருங்கள், மெல்லிசான எலெக்ட்ரானிக் மஃப்கள் சிலவற்றில் தடுக்கும் அளவு குறைவு.

சுட்டு முடித்ததும் உடனே கழற்றாதீர்கள். கடைசி ஆள் துப்பாக்கியைக் காலி செய்து வைத்து, ரேஞ்ச் அமைதி என்று அறிவித்த பிறகுதான். ஒரு காதைத் தூக்கிவிட்டு நண்பரோடு பேசுகிற பழக்கம் மிக ஆபத்து, சரியாக அந்த நேரத்தில்தான் யாராவது சுடுவார்கள். பேச வேண்டும் என்றால் கதவைத் தாண்டி வெளியே போங்கள்.

வேட்டையில்

புதரில் மான் வருவதைக் கேட்க வேண்டும் என்று காதைத் திறந்து வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே வெடியில் காதைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எலெக்ட்ரானிக் மஃப் இங்கே கண்டிப்பாகப் பயன்படும், இலைச் சரசரப்பைக்கூடப் பெருக்கிக் கொடுக்கும். கழுத்தில் தொங்கவிட்டிருந்தால் பயனில்லை, காதில் இருக்க வேண்டும். சைலன்சர் இந்த நாட்டு வேட்டைக்காரர்களிடம் சாதாரணமாகப் புழங்குகிறது, 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும், நல்ல விஷயம்தான். ஆனால் தோட்டா ஒலியைவிட வேகமாகப் போகும்போது அதன் பாதை நெடுக ஒரு சாட்டையடிச் சத்தம் எழும், சைலன்சரால் அதைத் தொட முடியாது. சைலன்சர் மாட்டிய ரைஃபிளுக்கும் காதுக்கவசம் வேண்டும். கூட நிற்கிறவர்கள், வழிகாட்டி, சுமைக்காரர் எல்லாருக்கும் ஆளுக்கொரு ஜோடி கொடுங்கள், அவர்கள் காதும் காதுதான்.

பிள்ளைகள், கர்ப்பிணிகள்

பிள்ளைகளுக்கு உச்ச வரம்பு 120 டெசிபல் என்று உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கிறது. .22கூட அதைத் தாண்டிவிடும். பெரியவர்களின் நுரை பிளக் சின்னக் காதில் ஒழுங்காகப் போகாது, பெரிய மஃப் சின்னத் தலையில் நிற்காது. பிள்ளைகளின் அளவுக்குச் செய்த மஃப் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிப் போட்டு, வெட்டவெளி ரேஞ்சில் சுடும் வரிசைக்கு நன்றாகப் பின்னால் தள்ளி நிறுத்துங்கள். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் சுமார் ஆறு டெசிபல் குறையும். உள்ளரங்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்பதுதான் என் கருத்து. கர்ப்பமாக இருக்கிற பெண்கள் ரேஞ்சுக்கு வர வேண்டாம். மஃப் அம்மாவின் காதைத்தான் காக்கும், தாழ்ந்த ஒலி வயிற்றுக்குள்ளும் போகும், ஈயத் தூசி வேறு.

இந்த நாட்டில் பலருக்குப் பொருந்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு முன்பு கொடுத்த ஊசிகள் காதைக் கெடுக்கும். அதனால்தான் 2018ல் தென்னாப்பிரிக்கா அந்த ஊசிகளை விட்டுப் பெடாகுவிலின் மாத்திரைக்கு மாறியது. அதற்கு முன் அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள், புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டின் ஏற்றிக்கொண்டவர்கள் எல்லாம் முதலில் காதைச் சோதித்துவிட்டு அப்புறம் துப்பாக்கியைப் பற்றி யோசியுங்கள்.

சுட்டுவிட்டு வந்த அன்று காதுக்கு ஓய்வு கொடுங்கள். காரில் பாட்டை அலறவிட வேண்டாம், அன்றே தவில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டாம். காது அடைத்த மாதிரி இருந்தாலோ ரீங்காரம் கேட்டாலோ உங்கள் கவசம் போதவில்லை என்று அர்த்தம். மறுநாள் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், அடுத்த தடவைக்குள் எங்கே ஒழுகியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். ஒரு காது சட்டென்று கேட்காமல் போனாலோ, தலை சுற்றினாலோ, காதிலிருந்து ரத்தம் வந்தாலோ அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று கேட்காமல் போவதற்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு, சீக்கிரம் தொடங்கினால்தான் பலன், வாரக்கணக்கில் காத்திருந்துவிட்டுப் போனால் மருத்துவராலும் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.

எதுவும் இல்லாவிட்டாலும், முதல் தடவை ரேஞ்சுக்குப் போகுமுன் ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) ஒரு கேட்புச் சோதனை எடுத்துவிடுங்கள். முந்தின நாள் முழுக்கச் சத்தமில்லாத இடத்தில் இருந்துவிட்டுப் போங்கள், அப்போதுதான் வரைபடம் உண்மையைக் காட்டும். அந்தத் தாளை உரிமத் தாள்களோடு சேர்த்து வையுங்கள். வருஷம் ஒரு தடவை மறுபடி எடுத்து, 4,000 ஹெர்ட்ஸ் இடத்தில் கோடு கீழே இறங்கியிருக்கிறதா என்று பழையதோடு வைத்துப் பாருங்கள். இறங்கியிருந்தால் சுடுவதை நிறுத்திவிட்டு, பிளக்கையும் மஃபையும் கையோடு எடுத்துக்கொண்டு அவரிடமே போய் மாட்டிக் காட்டுங்கள்.